விரல்கள் மடங்கிய டாக்டர் 1 லட்சம் கண் ஆபரேஷன் செய்தது எப்படி? அரசு ஆஸ்பத்திரி பேராசிரியர் 'டாக்டர் வி'யின் கதை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை காலை. ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ இலவச கண் சிகிச்சை முகாம். வாசலில் வயதானவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்ப்பார். இன்னொருவர் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார். கண்புரை முற்றியவர்களை மதியத்துக்கு மேல் பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப் போவார்கள். ஆபரேஷன், தங்குமிடம், சாப்பாடு, திரும்பி வர பஸ் என எதற்கும் காசு கிடையாது. சில நாட்களில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊர் வந்து இறங்குவார்கள்.

இன்றைக்கு இது சாதாரணம். 70 வருஷங்களுக்கு முன்னால் அப்படி இல்லை. வயதானால் கண் போகும், அது விதி என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டவர்கள்தான் அதிகம்.

இந்த நிலை மாறியதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் முக்கியமான ஒன்று, மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே நோயாளிகளைப் பார்த்த ஒரு பேராசிரியர். அவர் பெயர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. உலகம் முழுக்க 'டாக்டர் வி' என்றால் தெரியும்.

அவர் யார், என்ன செய்தார், இன்றைக்கு விருதுநகர் மாவட்ட மக்களுக்கு அவர் வாழ்க்கை ஏன் முக்கியம் என்பதைப் பார்ப்போம்.

டாக்டர் வி யார்?

எட்டயபுரம் பக்கத்தில் உள்ள அயன் வடமலாபுரம் என்ற சிறிய கிராமத்தில் 1918-ம் ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி பிறந்தவர். விவசாயக் குடும்பம். உடன்பிறந்தவர்களில் மூத்தவர். ராஜபாளையத்திலிருந்து கிழக்கே சாத்தூர், கோவில்பட்டி வரை போனால் பார்க்கிற அதே கரிசல் மண்தான் அவர் ஊரும். மழையை நம்பிய பருத்தி, கம்பு, சோளம். மழை பொய்த்தால் கஷ்டம்.

காலையில் எருமை மாட்டைக் கவனித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஆரம்பத்தில் பேப்பர், பென்சில் எல்லாம் கிடையாது. மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்திருக்கிறார்.

டாக்டர் ஆக வேண்டும் என்ற எண்ணம் வந்தது ஒரு துக்கத்திலிருந்து. அவருக்குப் பத்து வயது ஆவதற்குள் உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். மூவருமே நிறைமாத கர்ப்பத்தை நெருங்கியவர்கள். ஊரில் டாக்டர் இல்லை. பிரசவத்தில் பெண்கள் சாகக் கூடாது, அதற்கு நாம் டாக்டர் ஆக வேண்டும் என்று அந்தச் சிறுவன் முடிவு செய்தார். அவர் ஆசைப்பட்டது கண் டாக்டர் ஆக அல்ல, பிரசவம் பார்க்கிற டாக்டர் ஆக.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து 1938-ல் பட்டம் பெற்றார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் மருத்துவப் படிப்பை முடித்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

விரல்கள் மடங்கியது எப்போது?

ராணுவத்தில் இருந்தபோது முடக்குவாதம் வந்தது. டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்று சொல்வார்களே, அதுதான். வயதானால் வருகிற சாதாரண மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் எதிர்ப்பு சக்தி, தவறிப்போய் சொந்த மூட்டுகளையே தாக்குகிற நோய். கை விரல், மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் வீங்கும். நாளடைவில் விரல்கள் கோணி மடங்கிவிடும். இன்றைக்கு இதைக் கட்டுப்படுத்த நல்ல மருந்துகள் இருக்கின்றன. 1940களில் அப்படி இல்லை.

1948-ல் ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 30. ஒரு வருஷத்துக்கும் மேல் படுத்த படுக்கை. எழுந்து நின்றபோது விரல்கள் நிரந்தரமாக வளைந்திருந்தன. பேனாகூடப் பிடிக்க முடியவில்லை. பிரசவ மருத்துவத்துக்கு நீண்ட நேரம் நிற்க வேண்டும், கையில் பலம் வேண்டும். அந்தக் கனவு அங்கே முடிந்தது.

பிறகுதான் கண் மருத்துவத்துக்கு மாறினார். 1951-ல் கண் மருத்துவ டிப்ளமோ, 1954-ல் எம்.எஸ். முதலில் பேனா பிடிக்கப் பழகினார். அப்புறம் கத்தி பிடிக்கப் பழகினார். தன் வளைந்த விரல்களுக்குப் பொருந்துகிற மாதிரி கருவிகளை அமைத்துக்கொண்டார்.

கண் ஆபரேஷனில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் பார்வை போய்விடும். அந்த வேலையை மடங்கிய விரல்களோடு கற்றுக்கொண்ட அவர், வாழ்நாளில் 1 லட்சத்துக்கும் அதிகமான கண் ஆபரேஷன் செய்தார்.

கண்புரை என்றால் என்ன?

கண்ணுக்குள் ஒரு சின்ன லென்ஸ் இருக்கிறது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க வேண்டிய அந்த லென்ஸ், வயதாக ஆக மங்கிப் பால் நிறமாகிவிடும். வெளிச்சம் உள்ளே போக முடியாது. இதுதான் கண்புரை. கிராமத்தில் 'புரை விழுந்துடுச்சு' என்பார்கள்.

சர்க்கரை நோய், கண்ணில் அடிபடுதல், ஸ்டீராய்டு மருந்தை ரொம்ப நாள் எடுப்பது, புகைபிடிப்பது ஆகியவை இதைச் சீக்கிரம் வரவைக்கும். இதற்கு சொட்டு மருந்தோ, பச்சிலைச் சாறோ தீர்வு இல்லை. ஆபரேஷன் ஒன்றுதான் வழி.

அந்தக் காலத்து ஆபரேஷன் வேறு மாதிரி. மங்கிய லென்ஸை முழுதாக எடுத்துவிடுவார்கள். உள்ளே வேறு லென்ஸ் வைக்க மாட்டார்கள். அதனால் நோயாளி வாழ்நாள் முழுக்க சோடாபுட்டி மாதிரி கனமான கண்ணாடி போட்டாக வேண்டும். அது தொலைந்தாலோ உடைந்தாலோ மறுபடியும் பார்வை இல்லை. இன்றைக்கு மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே செயற்கை லென்ஸை வைத்துவிடுகிறார்கள்.

கண்புரையால் வருகிற பார்வை இழப்பை மீட்டுவிட முடியும். ஆபரேஷன் செய்ய ஆள் இல்லாததாலும், அந்த ஆளிடம் போக வழி இல்லாததாலும் மட்டுமே லட்சக்கணக்கானவர்கள் இருட்டில் இருந்தார்கள். டாக்டர் வியைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான்.

அரசு ஆஸ்பத்திரியில் 20 வருஷம் என்ன செய்தார்?

மதுரை மருத்துவக் கல்லூரி 1954-ல் தொடங்கியது. 1956-ல் அதன் கண் மருத்துவத் துறைக்குத் தலைவரானார் டாக்டர் வி. கூடவே மதுரை அரசு எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் கண் அறுவை சிகிச்சை நிபுணர். இன்றைக்கு அரசு ராஜாஜி மருத்துவமனை என்று நாம் சொல்வது அந்த ஆஸ்பத்திரியைத்தான்.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அப்போது பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. 1985-ல்தான் காமராஜர் மாவட்டம் பிரிந்தது, அதுவே இன்றைய விருதுநகர் மாவட்டம். பெரிய வியாதி என்றால் ரயிலிலோ பஸ்ஸிலோ மதுரைக்குத்தான் போக வேண்டும். மில்லில் நூல் பார்க்கிறவருக்கும், சத்திரப்பட்டி தறியில் பேண்டேஜ் துணி நெய்கிறவருக்கும் கண் மங்கினால் பிழைப்பே போச்சு. ஆனால் ஒரு நாள் கூலியை விட்டு, துணைக்கு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போவது எல்லோராலும் முடியாது.

மதுரையில் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்களை மட்டும்தான் பார்க்க முடியும் என்பது டாக்டர் விக்குப் புரிந்தது. அதனால் 1960களிலேயே கண் சிகிச்சை முகாம்களைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். 1966-ல் பார்வை இழந்தவர்களுக்கான மறுவாழ்வு மையம் வந்தது. 1973-ல் கண் மருத்துவ உதவியாளர்களுக்கான பயிற்சி தொடங்கியது. அதே ஆண்டு அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். மூன்றுமே கத்தி பிடிக்கிற வேலை அல்ல. ஒன்று, நோயாளியைத் தேடிப் போவது. இரண்டாவது, ஆபரேஷனாலும் பார்வை வராதவரைக் கைவிடாமல் இருப்பது. மூன்றாவது, டாக்டர் செய்ய வேண்டிய அவசியமில்லாத வேலைகளைச் செய்ய வேறு ஆட்களைப் பயிற்றுவிப்பது. மருத்துவக் கல்லூரியில் இருந்த காலத்திலேயே அவர் இந்த மூன்றையும் சோதித்துப் பார்த்துவிட்டார்.

நாடு முழுக்க இதே காலத்தில் விழிப்பு வந்தது. 1976-ல் மத்திய அரசு தேசிய பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

58 வயதில் எல்லோரும் ஓய்வு பெறுவார்கள். இவர்?

1976. அரசு வேலையில் ஓய்வு வயது 58. கூட வேலை பார்த்த பலரும் வீட்டில் இருப்பார்கள், அல்லது தனியாக கிளினிக் வைப்பார்கள். டாக்டர் வி மதுரையில் 11 படுக்கைகள் கொண்ட ஒரு கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அவர் மனதில் வைத்திருந்த ஆன்மிக குரு ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே அதற்கு வைத்தார்.

பெரிய முதலீட்டாளர் யாரும் இல்லை. வீட்டை அடமானம் வைத்தார். திருமணம் செய்துகொள்ளாத அவருக்குத் தம்பி, தங்கைகள்தான் குடும்பம். தங்கை டாக்டர் ஜி. நாச்சியார், அவர் கணவர் டாக்டர் பி. நம்பெருமாள்சாமி உட்பட வீட்டில் இருந்த டாக்டர்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். ஆரம்ப வருஷங்களில் குறைந்த சம்பளம், நீண்ட நேர வேலை.

இலவசமாகச் செய்தால் பணம் எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்வியைத்தான் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளிகூடக் கேட்டது. 1993-ல் அங்கே அரவிந்த் மருத்துவமனையைப் பற்றி ஒரு பாடமே தயாரித்தார்கள். இன்றும் உலகம் முழுக்க எம்.பி.ஏ. மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

பதில் மூன்று பகுதி.

முதலாவது, கட்ட முடிந்தவர்கள் கட்டுவார்கள், முடியாதவர்கள் கட்ட வேண்டாம். கட்டணம் கட்டுபவர்களிடம் மிஞ்சும் பணம் இலவச நோயாளிகளுக்குப் போகிறது. தங்கும் அறை, வசதி மாறலாம். ஆனால் ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்ப்பார்கள்.

இரண்டாவது, டாக்டரின் நேரம் வீணாகாது. ஆபரேஷன் தியேட்டரில் இரண்டு மேஜைகள் பக்கத்தில் பக்கத்தில். ஒரு நோயாளிக்கு ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்தவரை நர்ஸ்கள் தயார் செய்துவிடுவார்கள். முதல் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்பை அடுத்த மேஜைக்குத் திருப்புவார். இப்படி வேலை பார்க்கிற ஒரு டாக்டர் ஆண்டுக்குச் சுமார் 2,000 ஆபரேஷன் வரை செய்ய முடிகிறது. அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்துவிட்டுத்தான், எங்கே போனாலும் ஒரே தரம், ஒரே முறை, குறைந்த விலை என்பது கண் சிகிச்சையில் ஏன் முடியாது என்று டாக்டர் வி கேட்டார்.

மூன்றாவது, லென்ஸ் விலை. செயற்கை லென்ஸ் வந்த புதிதில் வெளிநாட்டிலிருந்துதான் வாங்க வேண்டும். ஒரு லென்ஸ் விலை 100 டாலருக்கும் மேல். ஏழை நோயாளிக்குப் பழைய சோடாபுட்டிதான், பணக்காரருக்கு மட்டும் லென்ஸ் என்ற நிலை. இதை மாற்ற 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸ் தயாரித்தார்கள். விலை 10 டாலராகி, பிறகு அதற்கும் கீழே இறங்கியது. மதுரை லென்ஸ் இப்போது 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

இலவசம் என்றாலும் மக்கள் வரவில்லையே, ஏன்?

டாக்டர் வியின் குழு சந்தித்த பெரிய சிக்கல் இதுதான். முகாமில் கண்ணைப் பார்த்து 'ஆபரேஷன் பண்ணணும்' என்று சொன்னால் தலையை ஆட்டுவார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள்.

விசாரித்தபோது காரணங்கள் தெரிந்தன. பஸ் காசு இல்லை. துணைக்கு வர ஆள் இல்லை. வந்தால் அவருக்கும் கூலி போகும். ஊர் தெரியாத இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற பயம். 'வயசாச்சு, இனிமே கண்ணு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது' என்ற நினைப்பு. ஆபரேஷன் செய்தால் உள்ள கண்ணும் போய்விடுமோ என்ற அச்சம் எல்லாவற்றுக்கும் மேலே.

அதனால்தான் முகாம் முறையே மாறியது. ஆரம்ப காலத்தில் பள்ளிக்கூட அறைகளைச் சுத்தம் செய்து அங்கேயே ஆபரேஷன் செய்வது வழக்கம். அதில் கிருமித் தொற்று ஆபத்து அதிகம். பிறகு முகாமில் பரிசோதனை மட்டும், ஆபரேஷன் ஆஸ்பத்திரியில் என்று மாற்றினார்கள். பஸ், சாப்பாடு, படுக்க இடம் எல்லாம் ஏற்பாடு. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போய்ச் சேர்ந்து வருவதால் பயமும் போனது. உள்ளூர் சங்கங்களும் மில்களும் கோயில் கமிட்டிகளும் முகாமை ஏற்று நடத்தின. திரும்பி வந்த ஒரு பாட்டி ஊருணிக்குத் தனியாகப் போய்த் தண்ணீர் எடுத்து வருவதைப் பார்த்தால் தெருவில் பத்துப் பேர் அடுத்த முகாமுக்குக் கிளம்பிவிடுவார்கள். அதைவிடப் பெரிய விளம்பரம் எது?

மருத்துவக் கல்வியில் அவர் கொண்டுவந்த மாற்றம் என்ன?

ஒரு மருத்துவரின் கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் ஒரு நாளில் முடிக்கக்கூடியது கொஞ்சம்தான். டாக்டர் வி தன் கையால் 1 லட்சம் பேருக்கு ஆபரேஷன் செய்தார். அரவிந்த் குழுமத்தில் இப்போது ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன்களும் லேசர் சிகிச்சைகளும் நடக்கின்றன. அவர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் செய்ததை அவர் உருவாக்கிய ஆட்கள் சில மாதங்களில் செய்துவிடுகிறார்கள். இந்த வித்தியாசம் கற்றுக்கொடுத்ததால் வந்தது.

அந்தக் கல்விக்கு மூன்று படி உண்டு.

முதல் படி, கிராமத்துப் பெண்கள். பிளஸ் டூ முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு வருஷம் பயிற்சி தருகிறார்கள். பார்வை அளவிடுவது, கண் அழுத்தம் பார்ப்பது, தியேட்டரில் உதவுவது, நோயாளிக்கு ஆலோசனை சொல்வது என ஆளுக்கு ஒரு வேலையில் திறமைசாலிகள் ஆகிறார்கள். நோயாளி டாக்டர் முன்னால் வந்து உட்காரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். இந்தப் பயிற்சியை வளர்த்ததில் டாக்டர் நாச்சியாரின் பங்கு பெரியது. வீட்டில் முதல் சம்பளம் வாங்கிய பெண் என்ற பெருமை இதனால் பல குடும்பங்களுக்குக் கிடைத்தது.

இரண்டாம் படி, இளம் டாக்டர்கள். எம்.பி.பி.எஸ். முடித்துக் கண் மருத்துவ மேற்படிப்புக்கு வருகிறவர்களுக்கு முதலிலேயே நோயாளியின் கண்ணைத் தர மாட்டார்கள். பொதுவாக ஆட்டுக் கண்ணை வைத்துப் பயிற்சி தொடங்கும். பிறகு சீனியர் டாக்டர் பக்கத்தில் நிற்க, ஆபரேஷனின் ஒரு சின்னப் பகுதியை மட்டும் செய்வார்கள். அது கை வந்ததும் அடுத்த பகுதி. முழு ஆபரேஷனையும் தனியாகச் செய்ய நாளாகும். நோயாளிகள் அதிகம் வருகிற ஆஸ்பத்திரியில் படித்தவருக்குக் கை பழகுவதும் அதனால்தான்.

மூன்றாம் படி, மற்ற ஆஸ்பத்திரிகள். 1992-ல் லயன்ஸ் அமைப்பின் உதவியோடு லைக்கோ என்ற பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் பிற மாநிலங்களிலிருந்தும், ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளிலிருந்தும் வருகிற ஆஸ்பத்திரிக் குழுக்களுக்கு, தங்கள் வேலை முறை முழுவதையும் இங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். போட்டிக்கு வருவார்களே என்று மறைத்து வைக்கவில்லை. பார்வை இழந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கும்போது ஒரு ஆஸ்பத்திரி மட்டும் ஓடி என்ன பயன் என்பதுதான் கணக்கு.

இந்த முறையில் குறையே இல்லையா?

உண்டு. முகாம் என்பது கண்புரைக்குப் பொருத்தமான முறை. ஒரு தடவை ஆபரேஷன் செய்தால் முடிந்தது. ஆனால் கண் அழுத்த நோயும், சர்க்கரை நோயால் வருகிற விழித்திரைப் பாதிப்பும் அப்படி அல்ல. வலிக்காது, ஆரம்பத்தில் தெரியாது, போன பார்வை திரும்பாது. வருஷா வருஷம் பரிசோதனை வேண்டும். எப்போதாவது வருகிற முகாமால் அது முடியாது.

இதற்காகத்தான் 2004 முதல் சிறிய ஊர்களில் நிரந்தரக் கண் பரிசோதனை மையங்களைத் திறந்தார்கள். பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பார்த்துப் பேசுவார். கண்ணாடி மாற்றினால் போதும் என்றால் அங்கேயே முடிந்துவிடும். இப்படி 100-க்கும் மேற்பட்ட மையங்கள் இப்போது இருக்கின்றன.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். இந்த அமைப்பை உருவாக்கியது சம்பளத்தைப் பெரிதாக நினைக்காத ஒரு குடும்பம். எல்லா ஊரிலும் அப்படி ஒரு குடும்பத்தை எதிர்பார்க்க முடியாது. ஏழை நோயாளிகளுக்கு அரசு ஆஸ்பத்திரிதான் கடைசி வரை துணை. அங்கே டாக்டர்கள் இருக்க வேண்டும், படிக்க வேண்டும், படிப்பிக்கவும் வேண்டும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இதில் என்ன இருக்கிறது?

டாக்டர் வி வேலை பார்த்த காலத்தில் இந்த ஊர்களுக்கு மருத்துவக் கல்லூரி என்றால் மதுரை அல்லது திருநெல்வேலி. 2022 ஜனவரி 12-ம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் விருதுநகரும் ஒன்று. ஆண்டுக்கு 150 எம்.பி.பி.எஸ். இடங்கள். மாவட்டத்துக்குள்ளேயே ஒரு கல்லூரி ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

மருத்துவக் கல்லூரி வந்தால் கட்டடம் மட்டும் வருவதில்லை. ஒவ்வொரு துறைக்கும் பேராசிரியர்கள் வர வேண்டும். பேராசிரியர் வார்டில் நடந்து ஒவ்வொரு படுக்கையிலும் நிற்கும்போது பின்னால் மாணவர்கள் நிற்பார்கள். ஏன் இந்த மருந்து, ஏன் இந்தப் பரிசோதனை என்று கேள்வி வரும். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் சிகிச்சையும் கவனமாக நடக்கும். மலையடிவாரத்தில் பாம்பு கடித்து வருகிறவர், பூச்சிமருந்து குடித்தவர், பட்டாசு விபத்தில் தீக்காயம் பட்டவர், பஞ்சுத் தூசியில் வேலை பார்த்து மூச்சு வாங்குகிறவர் என இந்த மாவட்டத்துக்கே உரிய நோயாளிகளைப் பார்த்துப் படிக்கிற மாணவர், நாளைக்கு இதே மாவட்டத்தில் வேலைக்கு வந்தால் தடுமாற மாட்டார்.

ஆனால் ஆசிரியர்கள் போதுமா என்பதுதான் நாடு முழுக்க இருக்கும் கேள்வி. இதற்காக தேசிய மருத்துவ ஆணையம் 2025-ல் விதியைத் தளர்த்தியது. 220 படுக்கைகளுக்கு மேல் உள்ள அரசு ஆஸ்பத்திரியில் 10 வருஷம் வேலை பார்த்த, மேற்படிப்பு முடித்த சிறப்பு மருத்துவர்கள் இணைப் பேராசிரியர் ஆகலாம். அதேபோன்ற ஆஸ்பத்திரியில் 2 வருஷ அனுபவம் உள்ளவர்கள், சீனியர் ரெசிடென்ட் பணி இல்லாமலேயே உதவிப் பேராசிரியர் ஆகலாம். ஆராய்ச்சி பற்றிய ஒரு அடிப்படைப் படிப்பை மட்டும் இரண்டு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும்.

இதை வரவேற்பவர்களும் உண்டு, தரம் குறையும் என்று கவலைப்படுபவர்களும் உண்டு. நோயாளியைப் பார்த்த அனுபவமே பாடம் நடத்தப் போதுமா என்பது நியாயமான கேள்வி. டாக்டர் வியின் வாழ்க்கை அதற்கு ஒரு பதிலைத் தருகிறது. அனுபவம் மட்டும் போதாது. அதை இன்னொருவர் செய்யக்கூடிய மாதிரி சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துச் சொல்லித்தரவும் தெரிய வேண்டும்.

ஆண்டு வாரியாக

1918 - அயன் வடமலாபுரத்தில் பிறப்பு
1944 - ஸ்டான்லியில் மருத்துவப் படிப்பு முடிவு
1948 - முடக்குவாதத்தால் ராணுவப் பணியிலிருந்து விடுவிப்பு
1954 - கண் மருத்துவத்தில் எம்.எஸ்.
1956 - மதுரை மருத்துவக் கல்லூரி கண் மருத்துவத் துறைத் தலைவர்
1973 - பத்மஸ்ரீ
1976 - ஓய்வு, 11 படுக்கைகளோடு அரவிந்த் தொடக்கம்
1992 - ஆரோலேப், லைக்கோ
2006 ஜூலை 7 - மதுரையில் மறைவு

அவர் மறைந்த பிறகும் அரவிந்த் அமைப்புக்கு 2008-ல் கேட்ஸ் உலக சுகாதார விருது, 2010-ல் ஹில்டன் மனிதாபிமான விருது ஆகியவை கிடைத்தன.

உங்கள் வீட்டுப் பெரியவரைக் கவனியுங்கள்

பார்வை மங்குவதைப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்வது குறைவு. 'எனக்கு நல்லாத்தான் தெரியுது' என்பார்கள். இவற்றைக் கவனித்தால் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்:

- அடிக்கடி கண்ணாடி பவர் மாறுவது
- இரவில் எதிரே வரும் வண்டி லைட் கண்ணைக் கூசுவது
- படி இறங்கத் தடுமாறுவது, டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது சிந்துவது
- நிறங்கள் மங்கலாகத் தெரிவது

சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். திடீரென்று பார்வை போனாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ முகாமுக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கண்புரை ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரிகளிலும் இலவசம். முகாம் எங்கே, எப்போது என்று தெரியாவிட்டால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே சொல்வார்கள்.